ஊட்டிக் குளிரும் வறண்ட தோலும்: கைகொடுத்தவை, கைவிட்டவை

கும்பகோணம் பக்கத்தில் வளர்ந்த எனக்குத் தோல் வறட்சி என்றால் மார்கழி, தையில் உதடு லேசாக வெடிக்கும், அவ்வளவுதான். ஊட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் அதன் முழு ரூபமும் தெரிந்தது. டிசம்பரில் மழை விட்டு உறைபனி தொடங்கினால், பகலில் சுள்ளென்று வெயில், ராத்திரி பூஜ்யத்தை ஒட்டிய குளிர், காற்றில் ஈரமே இருக்காது. முழங்காலுக்குக் கீழே நகத்தால் கோடு போட்டால் சிலேட்டில் எழுதியதுபோல் வெள்ளையாகத் தெரியும். கம்பளிக்குள் கால் சூடானதும் அரிப்பு ஆரம்பிக்கும். பிப்ரவரி முடியும்வரை இதே கதை. பல குளிர்காலங்களாக ஒவ்வொன்றாகப் பூசிப் பார்த்ததில் எது நிலைத்தது, எது அலமாரியில் தூங்குகிறது என்று சொல்கிறேன்.

முதலில் குளியல். இதைச் சரிசெய்யாமல் கிரீம்களைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. விறகு பாய்லர் தண்ணீரை ஆவி பறக்க ஊற்றிக்கொண்டு அரைமணி நேரம் நிற்பது இந்த ஊரில் தனிச் சுகம்தான். ஆனால் தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே இருக்கும் கொழுப்புதான் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கொதிக்கும் வெந்நீரும் சோப்பும் சேர்ந்தால் அதைத்தான் கழுவிக்கொண்டு போகும். இப்போது வெதுவெதுப்பான தண்ணீர்தான், பத்து நிமிடத்துக்குள் குளியல் முடிந்துவிடும். அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்கு மட்டும் சோப்பு. மற்ற இடங்களுக்குத் தண்ணீரே போதும். தினமும் சேற்றிலா புரள்கிறோம்?

சோப்பு வாங்கும்போது உறையில் டி.எஃப்.எம்., அதாவது மொத்தக் கொழுப்புப் பொருள், எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார்கள். 76 சதவீதம் இருந்தால் முதல் தர டாய்லெட் சோப். ‘பேதிங் பார்’ என்று போட்டிருந்தால் அது 40 அளவில்கூட இருக்கலாம். பார்ப்பது நல்லதுதான், ஆனால் அந்த எண் கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறதே தவிர மென்மையை அல்ல. எவ்வளவு உயர்ந்த தரமானாலும் சோப்பின் பி.ஹெச். 9, 10 என்று காரத்தன்மையோடு இருக்கும். தோலோ 5-ஐ ஒட்டிய லேசான அமிலத்தன்மை உடையது. சோப்பே கலக்காமல் வேறு செயற்கைச் சுத்திகரிப்புப் பொருளால் செய்த ‘சிண்டெட்’ கட்டிக்கு மாறிய பிறகு, குளித்ததும் முகம் இழுத்துப் பிடிப்பது நின்றுவிட்டது. பயத்தம் மாவு, நலங்கு மாவு எல்லாவற்றுக்கும் குளிர்காலத்தில் ஓய்வு கொடுத்துவிடுவேன். வறண்ட தோலில் அவற்றைத் தேய்ப்பதும் உராய்வுதான்.

அடுத்தது நேரம். எதைப் பூசுகிறோம் என்பதைவிட எப்போது பூசுகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்துவிட்டு, தோல் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். அதற்காகவே டப்பாக்கள் எல்லாம் குளியலறைக்குள்ளேயே குடியேறிவிட்டன. காய்ந்த காலில் பூசினால் காய்ந்த காலுக்கு மேல் எண்ணெய் இருக்கும், அவ்வளவுதான்.

சரி, எதைப் பூசுவது? உடம்புக்கு எனக்குத் தேங்காய் எண்ணெயே ஒத்துப்போகிறது. 2004-இல் பிலிப்பைன்ஸ் மருத்துவர்கள் வறண்ட தோலுக்கு வெர்ஜின் தேங்காய் எண்ணெயையும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயிலையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றுதான் முடிவு வந்தது. ஊட்டியில் இதற்கு ஒரே தொல்லை, 24 டிகிரிக்குக் கீழே எண்ணெய் உறைந்துவிடும். குறுகிய வாய் பாட்டிலைத் தலைகீழாகத் தட்டிக்கொண்டு, ஈரக் காலோடு நடுங்கி நிற்க வேண்டியிருக்கும். வாயகன்ற டப்பாவில் வாங்கினால் விரலால் தோண்டி எடுக்கலாம், உள்ளங்கைச் சூட்டில் உருகிவிடும். முகத்தில் மட்டும் வேண்டாம், பரு வருகிறவர்களுக்கு இன்னும் அதிகமாகும். முகத்துக்கு வாசனை சேர்க்காத செராமைடு (தோலிலேயே இருக்கும் ஒரு வகைக் கொழுப்பு) கிரீம் வைத்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது, ஆனால் கால் கை முழுக்கப் பூசக் கட்டுப்படியாகாது.

கிளிசரினை அப்படியே தடவினால் எரியும். அது ஈரத்தை இழுக்கும் பொருள். வெளிக்காற்றில் ஈரம் இல்லாவிட்டால் தோலுக்குள் இருப்பதையே இழுக்கும். தண்ணீரோ பன்னீரோ கலந்து பூசி, மேலே எண்ணெய் தடவினால் பரவாயில்லை.

எனக்குப் பெரிய மாற்றம் கொடுத்தது யூரியா கிரீம். முதல் தடவை போனில் சொன்னபோது அப்பா, “ஏம்மா, வயலுக்குப் போடுற யூரியாவையா காலுல பூசுற?” என்றார். பொருள் அதேதான், ஆனால் இது மருந்துக்கான தரத்தில் செய்தது. நம் தோலிலேயே இயற்கையாக யூரியா இருக்கிறது, ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. 10 சதவீதம் இருப்பது ஈரத்தைக் கூட்டும். 20-ஓ அதற்கு மேலோ போனால் தடித்த தோலை இளக்கி உரிக்கும். ஆகவே கணுக்காலுக்கு மேலே 10, குதிகாலுக்கு 20.

பித்தவெடிப்புக்கு நான் செய்வது இது: ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் காலை வைத்து, பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்து, துடைத்து, யூரியா கிரீம். ஆழமாகப் பிளந்து சிவந்திருக்கும் கோட்டில் மட்டும் யூரியா படக்கூடாது, உயிர் போகிற மாதிரி எரியும். அங்கே வாசலினை அடைத்துவிட்டு, பருத்தி சாக்ஸ் போட்டுப் படுத்துவிடுவேன். வாசலின் தானாக ஈரம் தராது, இருக்கும் ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கும். அதனால்தான் உதட்டுக்கும் விரல் கணுக்களுக்கும் அதை மிஞ்ச ஆள் இல்லை. சாக்ஸ் போடாமல் மட்டும் தரையில் நடக்காதீர்கள், வழுக்கும். சர்க்கரை உள்ளவர்கள் கல், பிளேடு எதையும் பாதத்தில் வைக்க வேண்டாம். என் அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு; அவர் வெடிப்பை டாக்டரிடம்தான் காட்டுகிறார்.

இந்த ஊரில் எதற்கெடுத்தாலும் யூகலிப்டஸ் தைலம்தான். பக்கத்து வீட்டு அக்கா காலரிப்புக்கும் அதையே சொன்னார். தலைவலிக்குச் சரி, வெடித்த தோலில் அது எரிச்சலைத்தான் கூட்டும். அதைவிட மோசம், அரிப்பு என்று மெடிக்கல் ஷாப்பில் சொன்னதும் நீட்டப்படும் டியூப். எனக்குக் கொடுத்ததைத் திருப்பிப் பார்த்தேன், குளோபெட்டசால். மிக வீரியமான ஸ்டீராய்டு. ரெண்டே நாளில் அரிப்பு அடங்கும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துவிடும். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

குளிருக்கு அடுப்போரமும் ஹீட்டரோரமும் உட்காருகிற ஊர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் களிம்பும் எண்ணெயும் ஊறிக் காய்ந்த துணி, சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பிடிக்கும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. துவைத்தாலும் முழுக்கப் போவதில்லை. காலில் பூசிய கையோடு சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போவதை நிறுத்தினேன். ராத்திரிக்கென்று தனி நைட்டி, தனிப் போர்வை.

குளிர்காலம் போன பிறகும் தோல் தேறவில்லை, கூடவே அசதி, முடி கொட்டுகிறது என்றால் தைராய்டு பார்த்துவிடுங்கள். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் கிரீம் தேடாமல் நேரே தோல் மருத்துவரிடம் போங்கள். மற்றபடி நான் தீபாவளி முடிந்ததுமே தேங்காய் எண்ணெய் டப்பா, 10 சதவீத யூரியா கிரீம், வாசலின் மூன்றையும் வாங்கி வைத்துப் பூசத் தொடங்கிவிடுகிறேன். வெள்ளை பூத்த பிறகு ஆரம்பித்தால் தேறுவதற்குள் பொங்கல் வந்துவிடும்.