அமெரிக்க பிசியோ லைசென்ஸ்: பரீட்சைக்கு முழு மார்க், பேப்பர் வேலைக்குப் பாதி

பிபிடி என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்தவர் அமெரிக்காவில் பிசியோவாக வேலை பார்க்க ஒரே கவுன்டரில் பணம் கட்டி வேலையை முடித்துவிட முடியாது. படிப்பை எடைபோடுவது ஓரிடம், பரீட்சை நடத்துவது ஓரிடம், லைசென்ஸ் தருவது மாநில போர்டு, விசாவுக்கான சான்றிதழ் தனி. நாலு இடத்திலும் டாலரில்தான் கட்டணம். கட்டுகிற காசுக்கு எந்தக் கவுன்டரில் என்ன கிடைக்கிறது, எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்த விமர்சனம். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: எல்லோரும் பயப்படும் என்பிடிஇ என்ற லைசென்ஸ் பரீட்சைதான் இதில் மிகவும் ஒழுங்காக நடக்கும் பகுதி. ஆளைக் கவிழ்ப்பது நம் கல்லூரியிலிருந்து கிளம்பும் சிலபஸ் நகல்.

பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, டோஃபெல் என்ற ஆங்கிலத் தேர்வில் ஆரம்பிப்பது. கோச்சிங் சென்டர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பதால் அதுதான் முதலில் கண்ணில் படும். டோஃபெல் மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். படிப்பு மதிப்பீட்டில் ஏதாவது குறை வந்து, அதைச் சரிசெய்து முடிப்பதற்குள் அந்த இரண்டு வருடம் ஓடிவிடும். பிறகு மறுபடி பணம், மறுபடி பரீட்சை. முதலில் எந்த மாநிலம் என்று முடிவு செய்யுங்கள். அடுத்து சிலபஸ். மதிப்பீட்டுக்கான ஃபைல் உள்ளே போன பிறகு டோஃபெல் எழுதினால் போதும். அதில் ஸ்பீக்கிங்குக்குக் கேட்கும் மதிப்பெண் மற்ற மூன்று பகுதிகளைவிட அதிகம், தயாரிப்பையும் அந்தக் கணக்கிலேயே பிரித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டுக்கு வருவோம். வர்ஜீனியாவில் இருக்கும் எஃப்சிசிபிடி பிசியோக்களுக்கு மட்டுமேயான அமைப்பு. இங்கே முக்கியமாக இரண்டு சேவைகள். லைசென்ஸுக்காகப் படிப்பை மட்டும் எடைபோடுவது ஒன்று. ‘டைப் ஒன்’ என்பது இன்னொன்று: படிப்போடு ஆங்கிலத்தையும், ஏற்கெனவே எங்காவது பதிவு இருந்தால் அதையும் சரிபார்த்து, விசாவுக்குத் தேவையான ஹெல்த்கேர் வொர்க்கர் சர்டிஃபிகேட் வரை தருவார்கள். 1996-இல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தச் சர்டிஃபிகேட்டைக் கட்டாயமாக்கியது. ஐந்து வருடம் செல்லும். சிஜிஎஃப்என்எஸ் (இப்போது பெயர் ட்ரூமெரிட்) என்ற அமைப்பு தரும் விசாஸ்க்ரீனும் இதே வேலையைச் செய்யும். கிரீன் கார்டோ கணவன் மனைவி வழி வேலை அனுமதியோ கையில் இருப்பவருக்கு டைப் ஒன் தேவையே இல்லை. அவர்கள் தாங்கள் போகும் மாநிலம் கேட்கிற மதிப்பீட்டை மட்டும் வாங்கினால் போதும். ஏஜென்ட் சொன்னார் என்பதற்காகப் பெரிய பேக்கேஜ் வாங்கிவிட்டு, பிறகு விழிப்பவர்கள் நிறைய.

மதிப்பீடு நடப்பது சிடபிள்யூடி என்ற அளவுகோலில். எந்தப் பதிப்பு என்பதை நீங்கள் பட்டம் வாங்கிய தேதி தீர்மானிக்கும். 2017 தொடக்கத்திலிருந்து முடித்தவர்களுக்கு ஆறாவது பதிப்பு, 2009 நடுவிலிருந்து 2016 கடைசி வரை முடித்தவர்களுக்கு ஐந்தாவது. ‘சீனியர் இதையேதான் அனுப்பினார், அவருக்கு ஓகே ஆகிவிட்டது’ என்ற பேச்சு இங்கே எடுபடாது. அவரை அளந்த கோல் வேறு, உங்களை அளக்கும் கோல் வேறு.

இந்தக் கோல் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால்தான் சிக்கல் புரியும். அதில் தோல், காயப் பராமரிப்புக்கு ஒரு வரி இருக்கிறது. நம் பாடத்திட்டத்தில் அது தனிப் பேப்பர் இல்லை. தீக்காயமும் ஸ்கின் கிராஃப்டும் ஜெனரல் சர்ஜரியில் ஒரு மூலையில், அழுத்தப் புண் நியூராலஜியில் ஸ்பைனல் கார்ட் இஞ்சுரிக்குள், நீரிழிவுப் பாதம் வேறெங்கோ. நீங்கள் இதையெல்லாம் படித்திருக்கிறீர்கள், வார்டில் பார்த்தும் இருக்கிறீர்கள். ஆனால் மதிப்பிடுபவர் கையில் இருப்பது காகிதம் மட்டும். ‘பர்ன்ஸ்’ என்று ஒற்றைச் சொல் இருந்து, எத்தனை மணி நேரம் என்று இல்லாவிட்டால் அந்த வரி காலி. அமெரிக்கக் கணக்கில் 15 மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் கிரெடிட். தியரி எத்தனை மணி, பிராக்டிகல் எத்தனை மணி, கிளினிகல் எத்தனை மணி என்று தலைப்புவாரியாகப் பிரித்த சிலபஸ் இருந்தால்தான் பல இடத்தில் சிதறிக் கிடப்பதைக் கூட்டி ஒரு கிரெடிட் போட முடியும். டிஃபரன்ஷியல் டயக்னாசிஸ், ஃபார்மகாலஜி, இமேஜிங், நோயாளியை டாக்டரிடம் திருப்பி அனுப்ப வேண்டிய அறிகுறிகளுக்கான ஸ்க்ரீனிங், நிர்வாகம் ஆகியவற்றுக்கும் இதே கதிதான். எல்லாம் பாடத்துக்குள் கரைந்திருக்கும், தலைப்பில் தெரியாது.

ஆகவே சிலபஸ் வாங்கும்போது கவனிக்க வேண்டியது இது. நீங்கள் படித்த ரெகுலேஷனின் நகலாக இருக்க வேண்டும், இப்போது தளத்தில் கிடக்கும் புதிய பாடத்திட்டம் அல்ல. பக்கத்துக்குப் பக்கம் முத்திரை இருக்கட்டும். ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்குத் துறைவாரியாக எத்தனை மணி நேரம் என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் தனிக் கடிதம் வேண்டும். ‘ஆறு மாதம் திருப்திகரமாக முடித்தார்’ என்ற ஒரு வரிச் சான்றிதழில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. ட்ரான்ஸ்கிரிப்ட் நேராகக் கல்வி நிறுவனத்திலிருந்தே போக வேண்டும். டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்கள் கல்லூரி தரும் காகிதம் எது, கிண்டியில் பல்கலைக்கழகத்திலிருந்து போக வேண்டியது எது என்று முதல் நாளே பிரித்து எழுதிக்கொண்டால் ஒரு நடை மிச்சம். சீல் வைத்த உறையை ‘உள்ளே சரியாக இருக்கிறதா பார்ப்போம்’ என்று பிரித்துவிட்டால் அது வெறும் காகிதம்தான், மறுபடி முதலிலிருந்து.

குறை என்று வந்தால் இரண்டு வகை. பொதுக்கல்விக் குறை என்பது மொழி, சமூக அறிவியல், கணக்கு போன்றவை. பிளஸ் டூவில் படித்தது இதில் சேராது. இதை க்ளெப் என்ற, கல்லூரிப் பாட அறிவைச் சோதிக்கும் அமெரிக்கத் தேர்வுகளால் அடைக்கலாம். 20 முதல் 80 வரையான அளவில் 50 எடுத்தால் கிரெடிட்டுக்கான பரிந்துரை கிடைக்கும். செலவுக்கும் நேரத்துக்கும் இந்த மொத்தப் பாதையிலேயே மிக நியாயமான பொருள் இதுதான். தொழில்முறைப் பாடத்தில் குறை வந்தால் க்ளெப் உதவாது. அங்கேதான் பலர், ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர்களுக்கான ட்ரான்சிஷனல் டிபிடி என்ற ஆன்லைன் டாக்டர் பட்டப் படிப்புக்குப் போகிறார்கள். அதில் ஒரு கண்ணி இருக்கிறது. அமெரிக்கப் பிசியோ படிப்புகளை அங்கீகரிக்கும் கேப்டீ அமைப்பு, தொழிலுக்குள் நுழைவதற்கான முதல்நிலைப் படிப்புகளை மட்டுமே பார்க்கிறது. ட்ரான்சிஷனல் டிபிடி அந்த அங்கீகாரத்துக்குள் வராது. பெயருக்குப் பின்னால் டிபிடி வந்துவிடும், குறை அப்படியே நிற்கலாம். குறை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடம் எந்த வரியை நிரப்பும் என்று மதிப்பிடும் அமைப்பிடமே எழுத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

பெயர் விவகாரம் நம்மவர்களுக்கென்றே இருக்கும் தலைவலி. மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் செல்வம்’, டோஃபெலில் இனிஷியல் குடும்பப் பெயராகியிருக்கும். மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ என்று அச்சாகும், அதாவது பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். பரீட்சை அனுமதிக் கடிதத்தில் இருக்கும் பெயரும் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் பரீட்சை மையங்களை நடத்தும் ப்ரோமெட்ரிக்கின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், கட்டணமும் போச்சு. முதல் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி, அதில் இருப்பதையே எல்லா இடத்திலும் போடுவதுதான் வழி.

மாநிலத் தேர்வு. லைசென்ஸ் மாநிலத்துடையது, விதியும் அப்படியே. சில போர்டுகள் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் நகராது. இந்தியாவில் இருந்தபடி விண்ணப்பிப்பவர்கள் நியூயார்க்கை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். நியூயார்க்கில் ஃபார்ம் 1 உங்களுடையது, ஃபார்ம் 2 கல்லூரி பூர்த்தி செய்து நேராக அனுப்ப வேண்டியது. தாமதம் எப்போதும் ஃபார்ம் 2-இல்தான். கலிஃபோர்னியா வெளிநாட்டில் படித்தவர்களிடம் ஒன்பது மாதம் மேற்பார்வையில் கிளினிகல் வேலையும் தனிச் சட்டத் தேர்வும் கேட்கும். டெக்சஸிலும் சட்டத் தேர்வு உண்டு, ஆனால் அது மிரள வேண்டிய அளவுக்கு இல்லை.

இனி பரீட்சை. மாநில போர்டுகளின் கூட்டமைப்பு நடத்துகிறது, எல்லா மாநிலத்துக்கும் ஒரே தாள். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருடத்துக்கு நாலு முறை. கட்டணம் 485 டாலர், ப்ரோமெட்ரிக்குக்குத் தனி. 225 கேள்விகள், அதில் மதிப்பெண்ணில் சேர்வது 180. மீதி 45 சோதனைக் கேள்விகள், எது எது என்று தெரியாது. ஐந்து பகுதிகள், ஐந்து மணி நேரம். இரண்டாம் பகுதி முடிந்ததும் கடிகாரம் நிற்கும் 15 நிமிட இடைவேளை ஒன்று. மற்ற நேரத்தில் எழுந்து போனால் உங்கள் நேரம்தான் ஓடும். 200 முதல் 800 வரையான அளவில் 600 எடுத்தால் பாஸ். தோற்றால் பன்னிரண்டு மாதத்தில் மூன்று முறை, வாழ்நாளில் ஆறு முறை. 400 அல்லது அதற்குக் கீழ் இரண்டு முறை வாங்கினால் அதோடு கதவு மூடிவிடும். ‘சும்மா ஒரு ட்ரையல் எழுதிப் பார்ப்போம்’ என்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மையங்கள் அமெரிக்காவிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் மட்டுமே. சென்னையில் எழுத முடியாது. விசிட்டர் விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்துத்தான் பரீட்சைச் செலவு. இன்னொன்றும் இருக்கிறது. 2010 ஜூலையில் கேள்விகள் கசிந்த விவகாரத்தால் இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், எகிப்து பட்டதாரிகளுக்குப் பரீட்சையே நிறுத்திவைக்கப்பட்டது. வருடத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் எழுதும் முறை 2011-இல் வந்தது. இன்றைக்கும் எழுதியவர்கள் நினைவிலிருந்து சொல்லும் ‘ரீகால்ஸ்’ என்று வாட்ஸ்அப்பில் கேள்வி சுற்றினால் அந்தக் குழுவில் பெயர் இருப்பதே ஆபத்து.

தாளின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் படிப்புக்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் பெரிது. நாம் எஸ்டபிள்யூடி, ஐஎஃப்டி என்று எலக்ட்ரோதெரபிக்கு ஒரு வருடமே கொடுக்கிறோம்; அங்கே மோடாலிட்டி என்ற இந்தக் கருவிச் சிகிச்சை ஒரு சிறு துண்டு. தசை எலும்பு, நரம்பு, இதயம் நுரையீரல் மூன்றும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். கேள்வி வரும் விதமும் வேறு. இடுப்பு மாற்று அறுவை முடிந்த நோயாளி நடைப் பயிற்சியின் நடுவில் திடீரென்று மூச்சு வாங்குகிறார், கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்? நாலு விடையும் மருத்துவ ரீதியாகத் தப்பில்லாதவையாகத்தான் இருக்கும். பயிற்சியை நிறுத்தி உடனே அவசர உதவியைக் கூப்பிடுவதுதான் விடை. ‘முதலில்’, ‘மிகப் பொருத்தமான’ என்ற சொல்லைத் தவறவிட்டவர் அடுத்த சரியான வேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு மார்க்கை இழப்பார்.

சொல் வழக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும். நம் எல்போ க்ரட்ச் அங்கே லாஃப்ஸ்ட்ராண்ட். ‘மினிமல் அசிஸ்ட்’ என்றால் குத்துமதிப்பாகக் கொஞ்சம் உதவி அல்ல. நோயாளி 75 சதவீதமோ அதற்கு மேலோ தானே செய்கிறார். ‘மாடரேட்’ என்றால் 50 முதல் 74. இந்த எண்ணை வைத்தே விடை மாறும்.

பயிற்சிக்குக் கூட்டமைப்பே விற்கும் பீட் என்ற மாதிரித் தேர்வு வாங்கலாம். உள்ளே முன்பு பரீட்சையில் வந்து இப்போது பயன்பாட்டில் இல்லாத ஓர் உண்மையான தாள் இருக்கிறது, அதுதான் இதன் மதிப்பு. ஆரம்பத்திலேயே திறந்து வீணாக்காமல் கடைசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம், இடைவேளை உட்பட அச்சு அசலாக எழுதுங்கள். நாலாம் பகுதியில் கவனம் சிதறுவது அப்போதுதான் தெரியும்.

விசா இந்தச் சேவைக்கு வெளியே என்றாலும் விற்பவர்கள் சேர்த்தே விற்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கான ‘ஷெட்யூல் ஏ’ பட்டியலில் பிசியோ இருப்பதால், கிரீன் கார்டு வழியில் அந்த வேலைக்கு அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று காட்டும் தொழிலாளர் சான்று என்ற படி கிடையாது. அது உண்மை. ஆனால் இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வரிசை அதனால் குறைவதில்லை, அது பல வருடம். இதைச் சொல்லாமல் முதல் பாதியை மட்டும் சொல்லும் ஏஜென்ட்டிடம் கவனம். எச்1பி என்ற வேலை விசாவுக்கு லாட்டரி இருக்கிறது. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. ஸ்டாஃபிங் கம்பெனி ‘எல்லாச் செலவும் எங்களுடையது’ என்றால் ஒப்பந்தத்தில் பாதியில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும், அந்தத் தொகை மாதாமாதம் குறையுமா, இரண்டு வருடம் என்பது காலண்டர் கணக்கா வேலை செய்த மணிக் கணக்கா என்ற மூன்றையும் பாருங்கள். மணிக் கணக்கு என்றால், நோயாளி குறைந்து ஷிஃப்ட் கிடைக்காத வாரங்கள் கணக்கில் சேராது. இரண்டு வருடம் என்று கையெழுத்துப் போட்டது மூன்று வருடமாக நீளும்.