புரோஸ்டேட் கதிர்வீச்சுக்கு முன் எம்.ஆர்.ஐ. திட்டமிடல்: அப்பாவுடன் சென்று கண்டவை

அப்பாவின் புரோஸ்டேட் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தொடங்கும் முன், சி.டி. ஸ்கேனோடு எம்.ஆர்.ஐ.யையும் சேர்த்துச் சிகிச்சையைத் திட்டமிடும் சேவையை ஒரு தனியார் மருத்துவமனையில் பெற்றோம். அதன் மருத்துவப் பயனில் எனக்கு முழு நிறைவு; நடத்திய விதத்தில் பெரிய குறை ஒன்று உண்டு.

மருத்துவர் இரு படங்களையும் திரையில் அருகருகே வைத்துக் காட்டினார். சி.டி.யில் புரோஸ்டேட் சுரப்பியின் கீழ்முனையும் அதைச் சுற்றிய தசையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்து கிடந்தன, எம்.ஆர்.ஐ.யிலோ ஓரம் கோடு போட்டாற்போல் தெரிந்தது, வெளிறிய புறப்பகுதியில் கட்டி மட்டும் கறுத்து நின்றது. சி.டி.யை மட்டும் பார்த்து வரைந்தால் சுரப்பி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிடும் என்று 1990களிலேயே ஆய்வுகள் காட்டின. அப்படி மிகும் இடத்தில் மலக்குடலும் சிறுநீர்ப்பையும் அகப்படக்கூடும் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும். கட்டி இருக்கும் இடம் தெரிவதால் அங்கு மட்டும் கதிரின் அளவைக் கூட்டவும் முடிகிறது. 571 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஃபிளேம் ஆய்வில், எல்லோருக்கும் சுரப்பி முழுவதும் 77 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) கொடுத்து, ஒரு பிரிவினருக்குக் கட்டியில் மட்டும் 95 கிரே வரை உயர்த்தினார்கள். ஐந்தாண்டு கழித்து ரத்தப் பரிசோதனையிலும் நோய் திரும்பிய அறிகுறி இல்லாதோர் அப்பிரிவில் 92 விழுக்காடு, மற்றதில் 85.

குறை இதுதான். திங்களன்று எம்.ஆர்.ஐ. எடுத்தபோது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வியாழனன்று சி.டி.க்கு மட்டும் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். சுரப்பிக்குள் முன்பே வைத்திருந்த அரிசி அளவுத் தங்கக் குறிகள் மூன்றையும் கொண்டு படங்களைப் பொருத்த முயன்றபோது, ஒன்று சேர்ந்தால் மற்றொன்று விலகியது. அதனால் இரண்டு படங்களையும் மீண்டும் எடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு மறுபடியும் கட்டணம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆயினும் 73 வயதில் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் இரைச்சலுக்குள் இரண்டாம் முறை அசையாமல் படுப்பது எளிதன்று.

கதிரின் அளவைக் கணக்கிட அங்கு சி.டி.யும் தேவை என்பதால், இரண்டையும் ஒரே நாளில், ஒரே அளவு தண்ணீருடன், மலக்குடல் காலியான நிலையில் எடுப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் அப்போதே சொல்லுங்கள். அப்பாவுக்கு மறுவாரம் இரண்டையும் ஒரே நாளில் அப்படித்தான் எடுத்தார்கள். சி.டி.யில் வெண்மையாக ஒளிர்ந்த மூன்று குறிகளும் எம்.ஆர்.ஐ.யின் மூன்று கரும்புள்ளிகள்மேல் அப்படியே வந்து அமர்ந்தன.