ஒரு வெடிப்பு, நாலைந்து இலவசக் கருவிகள்: எது தேறுகிறது, எது தேறவில்லை

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்த இடத்தில், எந்த நேரத்தில் சூரியனும் நிழலும் எங்கே என்று காட்டும் சன்கால்க் தளத்தில் கோயிலின் மேல் குறியை வைத்து, உயரம் கேட்கும் கட்டத்தில் 66 மீட்டர் என்று அடித்து, நேரத்தைக் காலை ஒன்பதுக்கு நகர்த்துங்கள். நிழல் மேற்கே நீளமாகப் போய் விழும். வருஷத்தில் பாதி நாள் உச்சி வெயிலில் மட்டும் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். கதை அங்கேதான் பிறந்திருக்க வேண்டும்.

இதே மாதிரிக் கருவிகளைக் கஷ்டமான ஒரு விஷயத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவற்றின் லட்சணம் தெரியும். 2023 அக்டோபர் 17, காசா நகரின் அல் அஹ்லி மருத்துவமனை வெடிப்பு. இஸ்ரேலின் வான்தாக்குதல் என்றது காசா தரப்பு. பாலஸ்தீன ஆயுதக் குழுவான இஸ்லாமிய ஜிகாத் ஏவிய ராக்கெட் தவறி விழுந்தது என்றது இஸ்ரேல். அந்த அமைப்பு மறுத்தது. நாகூரிலிருந்து அதிராம்பட்டினம் வரை வாட்ஸப் குழுக்களுக்கும் வளைகுடா ஃபார்வர்டுகளுக்கும் பஞ்சமில்லாத ஊர்கள் நம்முடையவை.

முதலில் நேரம். வெடித்தது அங்கே மாலை 6.59, நமக்கு இரவு 9.29. அந்தத் தேதியில் காசாவில் சூரியன் ஆறே காலுக்குள் மறைந்துவிடுகிறது என்று சன்கால்க் காட்டும். ஆகவே வெடிக்கும் காட்சி என்று பகல் வெளிச்சத்தில் எதையாவது அனுப்பினால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். இந்த வேலைக்கு ஐந்து நட்சத்திரம். நிழலே இல்லாத இரவு வீடியோவுக்கு இதனால் பிரயோஜனமில்லை.

பழைய படத்தைப் பிடிக்க கூகுள் லென்ஸைவிட, படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கே வந்திருக்கிறது என்று தேடும் டின்ஐ தளம் மேல். பழையது முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் மதகுகள் அடித்துக்கொண்டு போன படத்தைக் கொடுத்துப் பழகுங்கள். வீடியோவுக்கு இன்விட் என்ற பிரவுசர் நீட்சி. காட்சிகளைத் தனித்தனிப் படமாகப் பிரித்துத் தரும், கணினி வேண்டும். ஒன்றும் சிக்கவில்லை என்பதால் படம் புதிது என்று ஆகிவிடாது.

ரொம்பப் பேர் ஏமாறுவது செயற்கைக்கோள் படத்தில். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். கஜா புயலில் பேராவூரணிப் பக்கம் சாய்ந்த தென்னந்தோப்பைப் பார்க்க அது போதும். அல் அஹ்லி வாகன நிறுத்தத்தில் இருந்த பள்ளமோ சுமார் ஒரு மீட்டர் அகலம். அந்தப் படத்தைக் காட்டி "பள்ளமே இல்லை பாருங்கள்" என்பவர் கருவியைத் தெரியாதவர். நாசாவின் தீ வரைபடமும் அப்படித்தான். நுணுக்கமான உணரியிலேயே ஒரு புள்ளிக்கு 375 மீட்டர். அந்தச் செயற்கைக்கோள்கள் கடப்பதும் மதியம், நள்ளிரவு ஒன்றரை வாக்கில். ஏழு மணிக்குப் பற்றி அணைந்த தீ சிக்காமல் போகலாம்.

தரையில் எடுத்த படங்கள்தான் அதிகம் பேசுகின்றன. சின்னப் பள்ளம், எரிந்த கார்கள், சுற்றிலும் இடியாமல் நிற்கும் கட்டடங்கள். விமானத்திலிருந்து போடும் பெரிய குண்டு தரையில் வெடித்தால் பள்ளம் பல மீட்டர் இருக்கும். ஆக, பெரிய குண்டு என்ற வாதம் பலவீனப்படுகிறது. யார் என்பதை இது மட்டும் சொல்லாது. அதற்கு வெடித்த ஆயுதத்தின் உலோகத் துண்டு வேண்டும். அது பொதுவெளியில் காட்டப்படவில்லை. மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2023 நவம்பரில், பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ராக்கெட் வகையை நோக்கியே ஆதாரங்கள் காட்டுகின்றன என்றது, மேல்விசாரணையும் கேட்டது. ஃபொரென்சிக் ஆர்க்கிடெக்சர் என்ற லண்டன் ஆய்வுக் குழு பள்ளத்தின் வடிவை வைத்து, வந்த திசை வடகிழக்காக இருக்கலாம் என்று இஸ்ரேலின் விளக்கத்தோடு முரண்பட்டது.

வீடியோவில் ஒளிக்கும் சத்தத்துக்கும் உள்ள இடைவெளியை அளக்க வி.எல்.சி. வீடியோ பிளேயர் போதும். ஆங்கில 'இ' விசையை அழுத்தினால் ஒவ்வொரு சட்டமாக (ஃபிரேம்) நகரும். நொடிக்கு 30 சட்டம் ஓடும் வீடியோவில் 45 சட்டம் என்றால் ஒன்றரை நொடி; சத்தத்தின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்று வைத்தால், கேமராவிலிருந்து வெடிப்பு 510 மீட்டர் தூரம். மூன்று இடத்து வீடியோ இருந்தால், ஒவ்வொரு கேமராவையும் சுற்றி அந்தத் தூரத்தில் வரையும் மூன்று வட்டம் வெட்டிக்கொள்ளும் இடம் கிடைக்கும். செல்போன் வீடியோவில் சட்ட வேகம் ஏறி இறங்கும், அதனால் கணக்கும் கொஞ்சம் வழுக்கும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் ஒரு இடத்தில் சறுக்கினார்கள். அல் ஜசீரா நேரலையில் வானத்தில் ஒன்று வெடித்த காட்சியை, மருத்துவமனையில் விழுந்த ராக்கெட் என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். அது இஸ்ரேல் பக்கமிருந்து கிளம்பி, இரண்டு மைல் தள்ளி வெடித்தது, மருத்துவமனைக்குச் சம்பந்தமில்லாதது என்று நியூயார்க் டைம்ஸ் பிறகு கணித்தது. அதே நேரத்தில் நடந்தது அதே சம்பவம் ஆகிவிடாது. அதற்காக ராக்கெட் வாதம் முழுக்க விழுந்துவிட்டது என்று குதிப்பதும் தப்பு. அதன் ஒரு சாட்சி போனது, அவ்வளவுதான்.

சாவு எண்ணிக்கைக்குப் பூஜ்யம் நட்சத்திரம். காசா சுகாதார அமைச்சகம் 471 என்றது, அமெரிக்க உளவுத்துறை 100 முதல் 300 என்றது. இதில் எந்தக் கருவியும் உதவாது.

வாட்ஸப்பில் படமாகவோ வீடியோவாகவோ வந்தால் எடுத்த தேதியும் இடமும் உதிர்ந்துபோயிருக்கும். உங்கள் போன் காட்டுவது அது வந்து சேர்ந்த தேதி. எடுத்தவரிடமே கேட்டு, 'டாகுமெண்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள்.