ஆய்வுக் கட்டுரையை எளிமையாகச் சொல்ல ஏஐ: பல நாள் பழகிய பிறகு

எங்கள் ஆய்வுக் குழு வெளியிடும் கட்டுரைகளைப் பொது வாசகருக்குப் புரிகிற மாதிரி எழுதிப் போடுவது என் வேலை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததிலிருந்து ஏதாவது ஒரு ஏஐ கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். நடுவில் கருவிகள் மாறின, பதிப்புகள் மாறின. ஒரு பழக்கம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆய்வாளர் தயங்கிச் சொன்னதை அது அடித்துச் சொல்லிவிடும்.

உதாரணத்துக்கு, கட்டுரையில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "பங்கேற்ற முதியவர்களிடம் 12 வார நடைப்பயிற்சிக்குப் பின் தூக்கத்தின் தரம் சற்று மேம்பட்டிருந்தது." சுருக்கித் தரச் சொன்னால் "நடைப்பயிற்சி தூக்கத்தை மேம்படுத்துகிறது" என்று வந்து நிற்கும். முதியவர்களைக் காணோம், 12 வாரத்தைக் காணோம், அந்தச் 'சற்று'ம் காணோம். படிக்க என்னவோ நன்றாகத்தான் இருக்கும், அதுதான் ஆபத்தே.

இது என் ஒருவனின் புலம்பல் இல்லை. 2025இல் ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, சாட்ஜிபிடி போன்ற கருவிகளை இயக்கும் 10 மொழி மாதிரிகள் எழுதிய சுமார் 4,900 சுருக்கங்களை எடுத்துப் பார்த்தது. மனிதர்கள் எழுதிய சுருக்கங்களோடு ஒப்பிட்டால், முடிவை அளவுக்கு மீறிப் பொதுமைப்படுத்தும் வாய்ப்பு ஏஐ சுருக்கங்களில் கிட்டத்தட்ட 5 மடங்கு. இதில் வேடிக்கை, "துல்லியமாக எழுது" என்று கேட்டுக்கொண்டபோது இன்னும் மோசமானதுதான்.

எண்களிலும் கண் வைக்க வேண்டும். 100 பேரில் 2 பேருக்கு வந்த நோய் 1 ஆளுக்கு மட்டும் என்று குறைந்தால் "ஆபத்து 50 சதவீதம் குறைந்தது" என்று எழுதும். கணக்கு சரி, ஆனால் படிப்பவர் மனதில் பதிவது வேறு.

அதனால் இப்போதெல்லாம் நான் சுருக்கமே கேட்பதில்லை. யாரிடம் ஆய்வு நடந்தது, எத்தனை பேர், எவ்வளவு காலம், ஆசிரியர்களே ஒப்புக்கொள்ளும் குறைகள் என்ன என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் கட்டுரையில் உள்ள வாக்கியத்தை அப்படியே எடுத்துத் தரச் சொல்வேன். அந்த வாக்கியம் நிஜமாகவே இருக்கிறதா என்று பிடிஎஃபில் தேடிப் பார்த்துவிட்டு, நானே எழுதுவேன். அப்புறம் என் வரைவையும் கட்டுரையையும் சேர்த்துக் கொடுத்து, "எந்த வரி கட்டுரையைத் தாண்டிப் போகிறது?" என்று கேட்பேன். குறை கண்டுபிடிக்கிற வேலையில் கெட்டிதான். சில சமயம் இல்லாத குறையையும் சொல்லும், அதைத் தள்ளிவிடலாம்.

தானியங்கி வேலைகளில் எனக்குப் பெரிய புகார் இல்லை. புதுக் கட்டுரை வந்தால் எச்சரிக்கை, குறித்த நேரத்தில் பதிவு வெளியாவது, ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியல் இருக்கும் ஆர்கிட் கணக்கில் அது தானாகச் சேர்வது எல்லாம் ஒழுங்காக ஓடுகின்றன. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரைகள் வரும் ஆர்கைவ் தளத்தில் முதல் பதிப்பு வந்ததுமே பதிவு வெளியாகிவிடுகிறது. பின்னால் இரண்டாம் பதிப்பில் முடிவு மாறினால் பழைய பதிவு அப்படியே கிடக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பிடிக்க வழி இருக்கிறது. மேற்கோள்களைச் சேகரித்து வைக்கும் ஜோட்டெரோ மென்பொருள் 2019இலிருந்தே அவற்றைக் காட்டிக்கொடுக்கிறது. ரிட்ராக்‌ஷன் வாட்ச் வைத்திருந்த, அத்தகைய கட்டுரைகளின் தரவுத்தொகுப்பை 2023இல், கட்டுரைகளின் அடையாள எண்களைப் பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டதால், டிஓஐ எனும் அந்த அடையாள எண்ணை வைத்து, பதிவுக்கு முன்பே சோதிக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

2024இல் கூகுளின் நோட்புக்எல்எம் கருவி கொண்டுவந்த குரல் உரையாடலையும் விடாமல் கேட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் பேசுவது போலவே இருக்கிறது, ஆனால் எந்தக் கட்டுரையைக் கொடுத்தாலும் வாய் பிளக்கிறார்கள். முழுசாகப் படிக்க வேண்டிய கட்டுரைதானா என்று முடிவு செய்ய உதவும். பொதுவில் போட மாட்டேன்.

மதிப்பாய்வுக்கு வந்த பிறருடைய கைப்பிரதியை இந்த ஏஐ கருவிகளில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார ஆய்வு நிறுவனமான என்ஐஎச் தன் நிதி விண்ணப்பங்களை மதிப்பிடுபவர்களுக்கு இதை 2023இலேயே தடை செய்துவிட்டது.

காசு கட்டலாமா என்று கேட்டால், மாதம் ஒன்றிரண்டு கட்டுரைக்கு இலவசப் பதிப்பே போதும். நீளமான பிடிஎஃப்களை அடிக்கடி ஏற்றுபவர்களுக்குச் சந்தா உபயோகப்படும். எழுதும் நேரம் எனக்குப் பாதியாகக் குறைந்திருக்கிறது, கட்டுரையைப் படிக்கும் நேரம் மட்டும் பழையபடியேதான் இருக்கிறது.