பேனாவா, பெட்டியா, ஆய்வகமா? சேலம் கருப்பூர்ப் பக்கத்துத் தண்ணீரைச் சோதித்த கதை

எங்கள் விவசாயக் காட்டில் கிணறும் உண்டு, போரும் (ஆழ்துளைக் கிணறு) உண்டு. தண்ணீரில் கரைந்திருப்பதன் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் பேனாவை முக்கினால் இரண்டிலும் 620 (லிட்டருக்கு மில்லிகிராம்) காட்டியது. ஆனால் போர் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கிணற்றுத் தண்ணீரில் இரண்டும் நடக்கும்.

பேனா பொய் சொல்லவில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கரைந்திருப்பது எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஃபுளோரைடு, நைட்ரேட், கிருமி பற்றி மூச்சு விடாது. பெருக்கும் எண்ணும் பேனாவுக்குப் பேனா மாறும், 0.5 வைத்தவனும் உண்டு, 0.7 வைத்தவனும் உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் அளவோடு நம் அளவை ஒப்பிட்டுச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. மாதாமாதம் அதே பேனாவால் அதே கிணற்றைப் பார்த்து, கோடையில் ஏறுகிறதா என்று கவனிக்க மட்டும் நல்லது.

அடுத்தது, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் தண்ணீரைச் சோதிக்கும் பெட்டி. சிவப்பு நீலமாகும் வரை சொட்டுகளை எண்ணினால் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பும் மக்னீசியமும் சேர்ந்து எவ்வளவு என்று, தெரிந்துவிடும். எங்களுக்கு லிட்டருக்கு போரில் 420, கிணற்றில் 240 மில்லிகிராம் வந்தது. குடிநீருக்கு 200 வரை சரி. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை இந்தியத் தரநிர்ணயம் விட்டுக்கொடுக்கிறது. கிருமிக்கான குப்பியும் பெட்டியில் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் கறுத்தால் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது. எங்கள் கிணறு கறுத்தது. வீட்டுக்கு இந்தப் பெட்டி பாதி வேலையை முடித்துக் கொடுக்கும். ஃபுளோரைடை வண்ண அட்டையோடு ஒப்பிடும்போது மட்டும் என் கண்ணை நான் நம்புவதில்லை. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாத விஷயம் அது.

காட்டுக்கு ஆய்வகம்தான். இங்கேதான் எனக்குத் தலைகீழாகப் போனது. பருப்பு வேகும் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் குறைவு. அந்த இடத்தில் சோடியமும் பைகார்பனேட்டும் உட்கார்ந்திருந்தன. சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கழித்த பிறகு மிஞ்சும் கார்பனேட், பைகார்பனேட் அளவான எச்ச சோடியம் கார்பனேட் 3.2 (லிட்டருக்கு மில்லி ஈக்விவலன்ட்). இது 2.5ஐத் தாண்டினால் பாசனத்துக்கு ஆகாது. மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. குச்சிக்கிழங்கு பிடுங்கும்போது மண் கட்டி கட்டியாக வந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. ஜிப்சம் போடச் சொன்னார்கள். போரில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சுண்ணாம்பைவிட மக்னீசியம் கூடுதல். வெள்ளைக்காரன் 'சாக் ஹில்ஸ்' என்று பேர் வைத்த நம்ம வெள்ளைக் குன்றுகளில் இருப்பது சாக்கட்டி இல்லை, மக்னீசியத் தாதுவான மாக்னசைட். அதன் காலடியில் போர் போட்டால் வேறென்ன வரும்?

ஆக, வீட்டுக்குக் கிணற்றைக் கொதிக்க வைத்து, காட்டுக்கு போரை விடுகிறேன். பேனாவை மட்டும் நம்பியிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று இருந்திருப்பேன்.

ஆய்வகத்திலும் இரண்டு வாசல். குடிக்க என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம். பாசனத்துக்கு வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையம். மாற்றிக் கொடுத்தால் சோடியக் கணக்கு வராது, அல்லது கிருமிக் கணக்கு வராது. மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, விளிம்பு வரை பிடியுங்கள். கிருமிச் சோதனைக்கு மட்டும் அலசக் கூடாது. ஆய்வகம் தரும் பாட்டிலிலேயே பிடித்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும்.