ஆறு வருட மசாஜில் நான் கற்றுக்கொண்டது

வலது தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் எனக்குக் கோலிக்குண்டு அளவில் ஒரு முடிச்சு. விரல் வைத்தால் பின்மண்டை வரை வலி ஓடும். அதற்காகத்தான் மசாஜுக்குப் போக ஆரம்பித்தேன். மாதம் இரண்டு முறை என்று ஆறு வருடம் ஆகிவிட்டது.

முதல் வருடம் முழுக்க ஒரு தப்பான நம்பிக்கை: வலிக்க வலிக்க அழுத்தினால்தான் பலன். "இன்னும் அழுத்துங்க" என்று நானே கேட்பேன். ஒருமுறை முழங்கையை ஊன்றி அழுத்தியதில் தோள் கன்றிப்போய், நான்கு நாள் கையைத் தூக்க முடியவில்லை.

அப்புறம் வந்தவரின் கை வேறு மாதிரி. உள்ளங்கையை முதுகில் வைத்து, என் மூச்சைக் கவனித்தார். நான் மூச்சை வெளியே விடும்போது மட்டும் அவர் கட்டைவிரல் இறங்கும். முடிச்சு தட்டுப்பட்டதும் நகராமல் அங்கேயே நின்றது. அரை நிமிடம் இருக்கும்; உள்ளே இறுக்கம் மெல்ல இளகுவது எனக்கே தெரிந்தது.

அதிலிருந்துதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். எகிப்தில் சக்காராவில் அங்க்மஹோர் கல்லறைச் சுவரில், ஒருவர் மற்றவரின் கைகால்களைப் பிடித்திருக்கும் சிற்பம் உண்டு. 4,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது. அதை மசாஜ் என்று பலர் சொல்கிறார்கள். வலிக்காமல் பார்த்துக்கொள் என்ற பொருளில் பக்கத்திலேயே எழுத்தும் இருக்கிறது. படித்ததும் என் கன்றிய தோள்தான் ஞாபகம் வந்தது. தேய்த்துவிடுவது தளர்ந்த மூட்டை இறுக்கவும் செய்யும், இறுகியதைத் தளர்த்தவும் செய்யும் என்று கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டிஸ் எழுதியிருக்கிறார். கைப்பக்குவம்தான் எல்லாம் என்பதை இதைவிட நன்றாகச் சொல்ல முடியாது.

இன்று எங்கும் கேட்கும் 'ஸ்வீடிஷ் மசாஜ்' என்ற பெயரோடு ஸ்வீடனைச் சேர்ந்த உடற்பயிற்சி ஆசிரியர் பெர் ஹென்றிக் லிங்கைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் 1813இல் ஸ்டாக்ஹோமில் அவர் தொடங்கியது உடற்பயிற்சி நிலையம். நீவுதல், பிசைதல், தட்டுதல் என்று கைவேலையை வகைப்படுத்திய பெருமை டச்சு மருத்துவர் மெஸ்கருக்கே தரப்படுகிறது. 1894இல் பிரிட்டனில் நான்கு நர்சுகள் இந்தத் தொழிலின் நல்ல பெயரைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்றைய பிசியோதெரபி சங்கமாக வளர்ந்தது அதுதான். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

சரி, பலன்? அன்று இரவு நல்ல தூக்கம் நிச்சயம். கழுத்து மூன்று நாள் லேசாக இருக்கும், பிறகு இறுக ஆரம்பிக்கும். தினமும் தோள் பயிற்சி செய்த மாதங்களில்தான் அந்த நிம்மதி பத்து நாள் வரை நீடித்தது. காய்ச்சல், எலும்பு முறிவு, கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் என்றால் மசாஜ் பக்கமே போகக்கூடாது; மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

முடிச்சு இன்னும் இருக்கிறது, சிறுத்திருக்கிறது. புதிதாக ஒருவரிடம் போனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "வலித்தால் சொல்வேன், உடனே அழுத்தத்தைக் குறைத்துவிடுங்கள்." முகம் சுளிக்காமல் கேட்பவரிடம்தான் தொடர்ந்து போகிறேன்.