கருவி சுமார், கடிகாரம் அபாரம்

நில அளவை வேலைக்குத் துணையாக இருக்கட்டும் என்று கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்று வாங்கினேன். வெயிலில் திரை மங்குகிறது. பொத்தானை அழுத்தக் கட்டை விரல் நோகிறது. தென்னந்தோப்புக்குள் நுழைந்தால், நான் நிற்கும் இடம் பக்கத்து வயலில் இருப்பதாகக் காட்டுகிறது. வெட்டவெளியில் பரவாயில்லை, சில மீட்டர் பிசகோடு கிணறு, மோட்டார் கொட்டகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். வரப்புத் தகராறுக்கு இதை நம்பிப் போகாதீர்கள்.

என் பாராட்டெல்லாம் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்குத்தான். அவற்றின் சமிக்ஞை ஒளியின் வேகத்தில் வருகிறது. வந்து சேர எடுத்த நேரமே தூரத்தைச் சொல்கிறது. செயற்கைக்கோளில் உள்ள கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி (விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) தவறினாலும் தூரம் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைன் கணக்குப்படி, விநாடிக்கு ஏறக்குறைய 3.9 கி.மீ. வேகத்தில் ஓடுவதால் அந்தக் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ விநாடி பிந்தும். அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவதால் 45 முந்தும். கழித்தால் 38 மிச்சம். அதனால்தான் கடிகாரத்தின் துடிப்பு வேகமான 10.23 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணைத் தரையிலேயே 10.22999999543 ஆகக் குறைத்து வைத்து மேலே அனுப்புகிறார்கள். 1977இல் ஜிபிஎஸ் சோதனைக்காக ஏவிய என்.டி.எஸ்.-2 செயற்கைக்கோளின் கடிகாரத்தை முதலில் திருத்தாமல் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கணக்கு சொன்ன அளவை ஒட்டியே அது முந்தியது.

இத்தனைக்கும் சந்தா கிடையாது. செயற்கைக்கோள்களுக்கு ஐந்துக்கு ஐந்து. கருவிக்கு இரண்டரை, பேட்டரி மூடி ஒழுங்காகப் பூட்டியிருந்தால் மூன்று கொடுத்திருப்பேன்.